கயிறு யார் கையில்?

மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு தூத்துக்குடி பீச் ரோட்டில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்... தார் உருகி, செருப்பைப் பிடித்துக்கொண்டு 'எங்க ஓடுத... நில்லுடே!' என்கும். ஒரு பக்கம் உப்புக் காற்று. இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் புழுதி. இப்படிப்பட்ட ஊரைக் காக்கும் தாயின் பெயர் என்ன தெரியுமோ? பனிமய மாதா!

"பனிக்கும் நம்ம ஊருக்கும் என்னவே சம்பந்தம்?" என்று உள்ளூர்க்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள். சம்பந்தம் ரோமாபுரியில் இருக்கிறது. நாலாம் நூற்றாண்டில் அங்கே ஆகஸ்ட் மாதக் கொடும் வெயிலில் ஒரு குன்றின் மேல் மட்டும் பனி பெய்ததாம். அந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் எழுப்பினார்கள் என்பது மரபு. அந்தப் பனிமாதாவின் சொரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலேறி நம் கரைக்கு வந்ததாக ஊர் வரலாறு சொல்கிறது. 1582 ஆகஸ்ட் 5-ம் தேதி கோயில் அர்ப்பணிக்கப்பட்டது. சரியாக நானூறு வருடம் கழித்து, 1982-ல் போப் இரண்டாம் ஜான் பால் இதை பசிலிக்காவாக உயர்த்தினார். ஒவ்வொரு வருடமும் ஜூலை 26-ம் தேதி கொடி ஏறினால், ஆகஸ்ட் 5 வரைக்கும் ஊரில் வேறு பேச்சே கிடையாது.

ஆகஸ்ட் வெயிலில் பனி! யோசித்துப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தானே கேட்கிறார்கள்? நடக்கவே நடக்காது என்று ஊரே சொல்கிற ஒன்றை நடத்திக் கொடு, தாயே!

மூன்றாவது தடவை குரூப் ஃபோர் எழுதியவன், வளைகுடா விசாவுக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு ஏஜென்ட்டைத் தேடிக்கொண்டிருப்பவன், பெண் பார்க்கப் போன இடத்தில் 'சொல்லி அனுப்புறோம்' என்று கேட்டு வந்தவன், வட்டிக்காரருக்குப் பயந்து சந்து சந்தாக வீட்டுக்குப் போகிறவன்... எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். நெற்றியில் விபூதியோடு வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களையும் பார்க்கலாம். கஷ்டத்துக்கு ஏது மதம்?

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு எழுதத்தான் கை போகும். வேண்டுதலைக்கூட நம்மில் பல பேர் கணக்காகத்தான் வைத்திருக்கிறோம் என்பது என் அபிப்பிராயம். மெழுகுவர்த்தி ஒன்று - பற்று. வேலை ஒன்று - வரவு. 'கல்யாணம் முடிந்ததும் ஜோடியாக வந்து தேர் இழுக்கிறேன்' என்பது போஸ்ட்-டேட்டட் செக்! சரி, எதிர்பார்த்த வரவு வராவிட்டால்? வாராக்கடன் பட்டியலில் சாமியைச் சேர்த்துவிட முடியுமா?

எனக்கு ஒரு நண்பர். கப்பல் ஏஜென்ஸி ஒன்றில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை பூசை தவற விடாதவர். டீக்கடையில் ஒருநாள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"கடவுளை நம்புனா தடையெல்லாம் விலகும், ஜெயம் கிடைக்கும்னு பிரசங்கத்துல சொல்லுதாங்க. நானும் நம்பித்தான இருக்கேன்? பதினோரு வருஷமா அதே நாற்காலி. எனக்குப் பிறகு வந்தவன் மேனேஜர் ஆயிட்டான். இப்ப நான் நம்புனது சரியில்லையா, இல்ல சாமி சரியில்லையா... நீயே சொல்லுடே!"

பி.காம். பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. ஆனால் இந்தக் கடற்கரைக்கு இந்தக் கேள்வி புதுசும் இல்லை. ஐந்நூறு வருடமாக இங்கே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பழைய பேரேட்டைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போமே.

சுறாவுக்கு ஒரு மந்திரம்!

முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய கரை இது. வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று வரிசையாக ஊர்கள். பரதவர்களின் கரை. முத்து எடுப்பது என்றால் கடலுக்குள் ஏதோ ஸ்விம்மிங் போய் வருகிற சமாச்சாரம் இல்லை. கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை வைத்து, மூச்சை இழுத்து அடக்கி, எட்டு அல்லது பத்து பாகம் கீழே இறங்க வேண்டும். ஒரு பாகம் என்பது ஆறடி. கீழே போனதும் கல்லை விட்டுவிட்டு, சிப்பிகளை அள்ளி வலைப்பையில் போட வேண்டும். இதற்கெல்லாம் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு நிமிஷம். நம் ஆபீஸில் லிஃப்ட் வருவதற்கே அதைவிட நேரம் ஆகும்!

சுறா வந்தால்? அதற்குத்தான் 'கடல்கட்டி' என்று ஓர் ஆள் இருந்தார். மந்திரம் சொல்லி சுறாவின் வாயைக் கட்டுகிறவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு இவருக்குக் கூலி. அதில் ஒரு வேடிக்கை... பகலில் கட்டிய மந்திரத்தை ராத்திரி அவிழ்த்து விட்டுவிடுவாராம். ஏன்? இருட்டில் யாராவது திருட்டுத்தனமாக இறங்கி முத்து எடுத்துவிட்டால்! ஆக, சுறாவுக்கு நைட் டூட்டி. சம்பளம் இல்லாத வாட்ச்மேன்!

பரதவர்கள் கிறிஸ்தவர்களான பிறகும் கடல்கட்டி போகவில்லை. மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில், இலங்கையின் அரிப்பு என்ற இடத்தில் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி எமர்சன் டென்னன்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1859-ல் வெளியான புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அப்போது கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர்! டென்னன்ட் போன அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லை. தனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பியிருந்தார். வந்தவர் என்ன சொன்னாராம்... "எனக்கு அந்த மந்திரம் எல்லாம் தெரியாது. ஆனால் பெரியவர் அனுப்பிய ஆள் என்பதால் சுறாக்கள் எனக்கும் மரியாதை கொடுக்கும்!"

லீவு போட்டால் 'இன்-சார்ஜ்' போடும் வழக்கத்தை நம் அரசாங்க ஆபீஸ்கள் எங்கிருந்து கற்றுக்கொண்டன என்று இப்போது புரிகிறதா?

சிரித்தாயிற்று. ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. கடல்கட்டி கரையில் இல்லாவிட்டால் குளிப்பவர்கள் தோணியில் ஏறவே மறுப்பார்கள். அவர்களும் ஏமாளிகள் இல்லை. தினமும் கடலோடு பழகுகிறவர்கள். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, இறங்குகிறவனின் பயத்தைக் கட்டியது. கை கால் உதறாமல் இறங்கினால்தான் ஒரு நிமிஷமாவது மூச்சு நிற்கும். பயந்தவனுக்கு அரை நிமிஷத்தில் காற்று தீர்ந்துவிடும்.

நம்பிக்கை முதலில் செய்கிற வேலை இதுதான். இன்டர்வியூவுக்குப் போகும்போது பையில் வைத்திருக்கிறோமே ஜெபமாலை, அதுவும் இந்த வேலையைத்தான் செய்கிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நண்பரின் கேள்விக்கு இது பதில் ஆகாது. பயம் போய்விட்டது, சரி. எதிரே நிற்கிற தடை?

இருபது தோணி... ஒரு காற்று

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கரையின் முதல் வேண்டுதலே ஆபத்திலிருந்து காப்பாற்று என்பதுதான். முத்து வியாபாரத்தில் போட்டி, சண்டை, அடிதடி. பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய் போர்ச்சுக்கீசியரின் துணையைக் கேட்டார்கள். 1535 முதல் 1537 வரைக்குள் சுமார் இருபதாயிரம் பேர் ஞானஸ்நானம் வாங்கினார்கள். பாதுகாப்பு கிடைத்தது. பெயரும் மாறியது. மற்றபடி ஜெபம் சொல்லிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

1542 அக்டோபரில் ஒருவர் வந்து சேர்ந்தார். பிரான்சிஸ் சேவியர். நம் ஊர்களில் சவேரியார். ஸ்பெயின் பக்கத்து நவார் நாட்டுக்காரர், பாரிஸில் படித்தவர். வந்தவருக்குத் தமிழ் தெரியாது. மொழி தெரிந்த சிலரை உட்கார வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, அதை அப்படியே மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அடித்துப் பிள்ளைகளைச் சேர்த்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை வலிக்கிறது என்று அவரே கடிதத்தில் எழுதினார்.

1544 ஜூன் மாதம். வடுகர் படை குமரி முனைப் பக்கத்து மீனவ ஊர்களில் புகுந்து கொள்ளையடித்தது. ஜனங்கள் ஓடி, கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். இன்றைக்கு நாம் டிக்கெட் எடுத்து, படகில் போய் போட்டோ பிடித்துக்கொள்கிறோமே, அந்தக் குமரிமுனைக் கடல்தான். சோறு இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை. சுற்றிலும் உப்புக் கடல்.

செய்தி மணப்பாட்டுக்கு வந்தது. சவேரியார் இருபது தோணிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எதிர்க்காற்று. துடுப்புப் போட்டுப் பார்த்தார்கள். கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். தோணி நகரவில்லை. நாட்கணக்கில் கடலிலேயே போராடிவிட்டு, குமரியைத் தொட முடியாமல் மணப்பாட்டுக்கே திரும்பி வந்தார். இதை வேறு யாரும் கதை கட்டவில்லை. அந்த ஜூன் மாதமே தன்னோடு வேலை பார்த்தவருக்குச் சவேரியார் எழுதிய கடிதத்தில் இருக்கிறது.

இப்போது நண்பரின் கேள்வியை அந்தத் தோணியில் வையுங்கள். போனவர் சாதாரண ஆள் இல்லை. 1622-ல் புனிதர் பட்டம் பெற்றவர். போன காரியமும் பிரமோஷன் இல்லை. பட்டினி கிடப்பவர்களுக்குச் சோறு. தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். காற்று கொஞ்சம் திரும்ப வேண்டும். திரும்பவில்லையே!

நம்மில் ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்போம்? 'சாமிக்கே இஷ்டம் இல்லை போல' என்று சொல்லி, தலையணையைத் தட்டிப் போட்டுப் படுத்திருப்போம். அல்லது 'இத்தனை பேர் சாகும்போது பார்த்துக்கொண்டிருக்கும் சாமி எதற்கு?' என்று கோபப்பட்டிருப்போம். இரண்டுமே மனிதர்களுக்கு இயல்புதான்.

சவேரியார் மூன்றாவது வழியைப் பிடித்தார். தரையில் இறங்கி நடந்தார். மணப்பாட்டிலிருந்து குமரிக்கு சுமார் எழுபது கிலோமீட்டர். மணல், தேரி, முள்காடு. வழியெல்லாம் அந்த ஜனங்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். நடக்க முடியாத கிழவர்கள். வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்கள். செத்து விழுந்தவர்கள். ஆகஸ்ட் முதல் தேதி மணப்பாட்டிலிருந்து எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு ஜெபத்தைக் கேட்டுக்கொண்டார். காற்றைப் பற்றி இல்லை. பணக்காரர்களின் மனதை ஆண்டவர் இளக வைக்கட்டும், இந்த ஏழைகளுக்கு அவர்கள் இரங்கட்டும் என்று வேண்டிக்கொள்ளச் சொன்னார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நேரம் நின்றுவிட்டேன். காற்று மாறவில்லை. வேண்டுதல் மாறிவிட்டது! 'இந்த வழியைத் திற' என்று கேட்டுக்கொண்டிருந்தவர், 'எந்த வழியிலாவது அவர்களுக்குச் சோறு போய்ச் சேரட்டும்' என்பதற்கு வந்துவிட்டார். காரியத்தைக் கைவிடவில்லை. தோணியைத்தான் கைவிட்டார்.

நம் பாடு பெரும்பாலும் நேர் எதிர். காரியம் எது, தோணி எது என்றே மறந்துவிடுகிறது. குடும்பம் கௌரவமாக நடக்க வேண்டும் என்பது காரியம். மேனேஜர் நாற்காலி ஒரு தோணி. நாலு பேருக்கு உபயோகமாக இருக்க வேண்டும் என்பது காரியம். குரூப் ஃபோர் ஒரு தோணி. தோணி நகரவில்லை என்றதும் கடலே வற்றிவிட்டது போலத் துக்கம் கொண்டாடுகிறோம்.

மச்சான் பிடிச்ச கயிறு

திரேஸ்புரத்தில் ஒரு பெரியவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சின்னப் பையனாக முத்துத் தோணியில் போனவர். பிறகு சங்கு குளித்தவர். தூத்துக்குடியின் பெரிய முத்துக்குளிப்பு 1961-ம் வருடத்தோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு அந்த அளவுக்குச் சிப்பி விளையவே இல்லை. அவரிடம் நான் கேட்டது நேரடிக் கேள்வி.

"தாத்தா, உள்ளே இறங்கும்போது மாதாகிட்ட என்ன வேண்டிக்குவீங்க? சுறா வரக்கூடாதுன்னா?"

அவர் சிரித்தார். "சுறா கடல்ல வராம பின்ன ரோட்டுலயா வரும்? அது வூடு தம்பி அது."

"அப்போ எந்த தைரியத்துல இறங்குவீங்க?"

"மேல கயித்தைப் பிடிச்சிருக்கது யாருன்னு பாத்துக்கிடுவோம். அம்புட்டுத்தான்."

இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் அது. குளிப்பவர் ஒருவர், மேலே கயிறு பிடிப்பவர் ஒருவர் என்று ஜோடியாகத்தான் வேலை. கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டினால், மேலே இருப்பவர் அந்த நொடியே இழுக்க வேண்டும். கொஞ்சம் பராக்குப் பார்த்தாலும் ஆள் காலி. அந்தக் கயிற்றை யாரிடம் கொடுப்பது? அண்ணன் தம்பியிடம் கொடுத்தால் சொத்துத் தகராறு ஏதாவது இருக்கலாம். சிநேகிதனிடம் கொடுத்தால் கடன் பாக்கி இருக்கலாம். ஆகவே மச்சானிடம்தான் கொடுப்பார்களாம். பெண்டாட்டியின் அண்ணன் தம்பி! தன் சகோதரி தாலி அறுக்கக் கூடாது என்ற கவலை அவனைவிட யாருக்கு இருக்கும்? (கல்யாணம் ஆகாத வாசகர்கள் கவனிக்க... பெண் பார்க்கும்போது மச்சானையும் ஒரு பார்வை பார்த்து வையுங்கள்!)

பெரியவர் மேலே சொன்னதுதான் முக்கியம். "சுறா வராதுன்னு நம்பி இறங்குனதில்ல தம்பி. வந்தா இழுப்பான்னு நம்பி இறங்குனது. உள்ள போயிட்டா மேல என்ன நடக்குன்னு ஒண்ணும் தெரியாது. கயிறு ஒண்ணுதான் தெரியும். மாதாவும் எனக்கு அப்படித்தான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒண்ணு... கயித்தை அவன் பிடிப்பான். மூச்சை நான்தான் பிடிக்கணும்!" என்றார்.

எம்.பி.ஏ. படித்தவர்கள் மூன்று நாள் வகுப்பெடுத்து, கோட் போட்டுக்கொண்டு சொல்வதை இவர் பனியனோடு உட்கார்ந்து அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

"முத்தே இல்லாமப் போச்சே தாத்தா? எத்தனை பேர் வேண்டியிருப்பாங்க?"

"வேண்டாம இருப்பாங்களா? முத்து வரல. சங்கு எடுத்தோம். தோணியில கொழும்புக்குப் போனோம். ஹார்பர்ல மூட்டை தூக்குனோம். பிள்ளைகளைப் படிக்க வச்சோம்."

சிப்பி அற்றுப்போன அதே ஊரில்தான், 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி என்ற விஞ்ஞானி, சிப்பிக்குள் ஒரு சின்ன மணியை வைத்து, இந்தியாவிலேயே முதன்முதலாக வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார். அதற்கு அடுத்த வருடம், 1974-ல் தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பெரியவரின் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனது அந்தத் துறைமுகத்தில்தான்.

பதினெட்டு வருஷத் தாகம்

கடல் பக்கத்தில் இருந்தும் குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊர் இது. கிணறு தோண்டினால் உப்பு. ஒரு காலத்தில் தூத்துக்குடிக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்களாம்.

பரதவ கத்தோலிக்கக் குடும்பத்தில் 1869-ல் பிறந்தவர் குரூஸ் பர்னாந்து. ராவ் பகதூர் பட்டம் பெற்றவர். 1909-ல் நகராட்சித் தலைவரானார். தாமிரபரணித் தண்ணீரை வல்லநாட்டிலிருந்து குழாய் போட்டுத் தூத்துக்குடிக்குக் கொண்டு வர வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பல முறை தலைவர் பதவிக்கு வந்தார். கணக்குப் போட்டார், மனுப் போட்டார், அலைந்தார். நடுவில் ஓர் உலகப் போரே வந்து முடிந்தது. தண்ணீர் வந்து சேர்ந்தது 1927-ல்!

பற்று வரவு பார்ப்போம். 1909-லிருந்து 1927. பதினெட்டு வருடம். அடுத்த மூன்றாவது வருடம், 1930-ல் அவர் காலமாகிவிட்டார். பாடுபட்டது பதினெட்டு வருடம், அனுபவித்தது மூன்று வருடம். கம்பெனிக் கணக்கில் இது நஷ்டத் தொழில். ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறைகள் அவரை 'தூத்துக்குடி மக்களின் தந்தை' என்கின்றன. ஊரில் சிலையும் வைத்திருக்கிறார்கள்.

'நம்பினேன், ஒரே வாரத்தில் நடந்தது' என்று சாட்சி சொல்கிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனிதர் ஞாபகம் வருவார். வாரத்தில் நடந்தால் சந்தோஷம். ஆனால் சில தடைகள் ஒரு நகராட்சி பைலைப் போல. மேஜை மேஜையாக நகர்ந்துதான் கையெழுத்தாகும். அதுவரைக்கும் பின்னாலேயே நடக்கிற தெம்பு யாருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சாமி இருக்கார்... வயர்லெஸ் இருக்கா?

இத்தனையும் சொல்லிவிட்டு 2017 நவம்பர் 30-ம் தேதியைச் சொல்லாமல் போனால் அது நேர்மை இல்லை. ஒக்கி புயல். குமரிக் கடலில் திடீரென்று வலுத்தது. ஆழ்கடல் மீன்பிடிக்குப் பல நாட்களுக்கு முன்பே கிளம்பிப் போனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளாவிலுமாக இருநூறுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று எல்லாமே கோயில் மணிக்கு எழுந்து, ஜெபம் சொல்லிவிட்டுக் கடலுக்குப் போகிற ஊர்கள்தான். அவர்களுக்கு நம்பிக்கை குறைவு என்று சொல்ல எவனுக்காவது வாய் வருமா?

அந்த நாட்களில் கோயில்கள் என்ன செய்தன? பங்குச் சாமியார்கள் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, திரும்பாதவர்களின் பட்டியலை எழுதினார்கள். இளைஞர்கள் தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு தாங்களே தேடப் போனார்கள். ஜனங்கள் ரயில் பாதையில் உட்கார்ந்து 'எங்க ஆட்கள் எங்கே?' என்று கேட்டார்கள். அதற்குப் பிறகுதான், கரையிலிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கும் படகுகளுக்கும் சாட்டிலைட் வழியாக எச்சரிக்கை அனுப்பும் கருவிகளைக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்ற ஒரு வார்த்தையை இரண்டு விதமாகச் சொல்லலாம். என்னால் ஆனதைச் செய்துவிட்டேன், மிச்சம் அவர் கையில் என்பது ஒரு விதம். அதற்குப் பெயர் நம்பிக்கை. நான் ஏன் செய்ய வேண்டும், அவர் பார்த்துக்கொள்வார் என்பது இன்னொரு விதம். அதற்கு மேலதிகாரிகள் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. வானிலை அறிக்கையை அனுப்ப வேண்டியவர் அனுப்பாமல் இருந்துவிட்டு 'விதி' என்று சொன்னால், அதுவும் இந்த இரண்டாவது ரகம்தான்.

செத்தவர்களின் வீடுகளில் ஜெயம் என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம்? சட்டென்று பதில் சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன். அடுத்த சீசனுக்கு அதே வீட்டிலிருந்து இன்னொருவர் படகில் ஏறியதும், ஏறும்போது நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டதும் மட்டும் கண்ணால் பார்க்கக் கூடியவை.

கப்பல் போனால் போகட்டும்

பைபிளிலேயே ஒரு கப்பல் கதை இருக்கிறது. கைதியாக ரோமுக்குப் போகிற புனித பவுல் ஏறிய கப்பல், புயலில் பதினாலு நாள் அலைக்கழிந்து மால்டா தீவுக்குப் பக்கத்தில் தரை தட்டி உடைந்தது. கப்பலில் இருநூற்று எழுபத்தாறு பேர். ஒருவர்கூடச் சாகமாட்டார் என்று கடவுள் சொன்னதாகப் பவுல் முன்கூட்டியே தைரியம் சொல்லியிருந்தார். அப்படியே நடந்தது. ஆனால் எப்படி? நீந்தத் தெரிந்தவர்கள் குதித்து நீந்தினார்கள். தெரியாதவர்கள் உடைந்த பலகைகளைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். கப்பல் போயே போய்விட்டது. சரக்கு போய்விட்டது. இன்சூரன்ஸ்காரர் பார்வையில் முழு நஷ்டம். பவுலின் பார்வையில் முழு ஜெயம்!

நண்பர் தேடுகிற ஜெயம் கப்பலோடு, சரக்கோடு, மேனேஜர் நாற்காலியோடு துறைமுகத்தில் வந்து நிற்கிற ஜெயம். அதுவும் கிடைக்கலாம். கேட்பதில் தப்பே இல்லை. கிடைக்காவிட்டால் நம்பிக்கை தோற்றுவிட்டது என்று எழுதி மூடிவிடாதீர்கள் என்றுதான் இந்தக் கரை சொல்கிறது. பலகையைப் பிடித்துக் கரை சேர்ந்தவனும் கரை சேர்ந்தவன்தான். சட்டை நனைந்திருக்கும், அவ்வளவே.

ஆகவே, அடுத்த தடவை மெழுகுவர்த்தி ஏற்றும்போது மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது காரியத்தையா, தோணியையா? கயிறு யார் கையில் என்று எனக்குத் தெரியுமா? அப்புறம்... என் மூச்சை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேனா? (மூன்றாவதற்கு அர்த்தம்: பரீட்சைக்குப் படித்தாயிற்றா?)

காற்று திரும்பினால் தோணியில் போங்கள். சொகுசாக இருக்கும். திரும்பாவிட்டாலும் உட்கார்ந்துவிட வேண்டாம். மணப்பாட்டிலிருந்து குமரிக்குத் தரைவழி அன்றைக்கும் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. செருப்பு மட்டும் கொஞ்சம் கெட்டியாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்!